அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு அப்ரூவல் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் போகிமான் கோ பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "உங்கள் ஊரில் ஸ்டாப் இல்லையென்றால் நீங்களே ஒரு இடத்தைப் பரிந்துரைக்கலாமே" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். அதனால் இந்த முறை வேறு எதுவும் கிடையாது, முழுக்க இதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு: போகிமான் கோ என்பது போனைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்து ஆடுகிற விளையாட்டு. அதன் மேப்பில் நிஜ இடங்களின் மேல் இருக்கும் புள்ளிதான் ஸ்டாப், பக்கத்தில் போய் அதை விரலால் சுற்றினால் ஆட்டத்துக்கு வேண்டிய பொருள் கிடைக்கும். சண்டை போடுகிற புள்ளி ஜிம்.

*பரிந்துரைக்கலாம் என்று எழுதிவிட்டீர்கள், சரி. யாரிடம், எப்படி? கும்பகோணம் போனால் திரும்பின பக்கமெல்லாம் ஸ்டாப். எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. – கல்லூரி மாணவர், நீடாமங்கலம் அருகே*

தம்பி, ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் கொஞ்சம் குறையும். 2016-இல் போகிமான் கோ வந்தபோது அதற்கென்று யாரும் ஊர் ஊராகப் போய் இடம் குறிக்கவில்லை. அதே நயான்டிக் நிறுவனம் 2012-இல் தொடங்கிய இன்கிரஸ் விளையாட்டில் ஆட்டக்காரர்கள் படம் எடுத்து அனுப்பி ஏற்கெனவே சேர்ந்திருந்த போர்ட்டல்களை (அந்த ஆட்டத்தின் புள்ளிகளை) எடுத்துத்தான் ஸ்டாப்பாகவும் ஜிம்மாகவும் மாற்றினார்கள். இன்கிரஸ் ஆடியவர்கள் எங்கே குடியிருந்தார்களோ, எங்கே சுற்றுலா போனார்களோ அங்கே புள்ளிகள் குவிந்தன. பெரிய கோயிலுக்கும் மகாமகக் குளத்துக்கும் வந்தவர்கள் நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு திட்டிவிட்டுப் போனார்களே தவிர, இறங்கி ஒரு படம் எடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது எப்படி என்று கேட்டால், விளையாட்டுக்குள்ளேயே புதிய ஸ்டாப் பரிந்துரைக்கும் பகுதி இருக்கிறது. தொடக்க லெவலில் திறக்காது, ஓரளவு ஏறியிருக்க வேண்டும். மேப்பில் அந்த இடத்தின் மேல் பின் (குறி) வைக்க வேண்டும், முக்கியப் படம் ஒன்று, சுற்றுப்புறம் தெரிகிற மாதிரி இன்னொன்று, பெயர், விவரம், அப்புறம் ஓட்டுப் போடுகிறவர் கண்ணுக்கு மட்டும் போகிற கூடுதல் தகவல். எல்லாம் சேர்ந்து, 2019-இல் வந்த வேஃபேரர் என்ற தளத்துக்குப் போகும். சிலவற்றைக் கணினியே பார்த்து முடித்துவிடுகிறது, மற்றதற்கு உங்களையும் என்னையும் மாதிரி ஆட்டக்காரர்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அப்படி ஓட்டுப் போடுகிறவர் கோவையில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பவராக இருக்கலாம். உங்கள் ஊருக்கு அவர் வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. அவர் கையில் இருப்பது ரெண்டு படம், மேலிருந்து எடுத்த சாட்டிலைட் மேப், நீங்கள் எழுதின நாலு வரி. இதை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

*எங்கள் ஊரில் இருப்பது ஒரு அய்யனார் கோயில், ஒரு படித்துறை, ஒரு மதகு, ஒரு ஓவர்ஹெட் டேங்க், ஒரு டீக்கடை. எது தேறும்? – ஆடுதுறை வாசகர்*

விதி மூன்றே கேள்விதான் கேட்கிறது: தேடிப்போய்ப் பார்க்கத் தகுந்த இடமா, உடற்பயிற்சிக்கு ஏற்ற இடமா, நாலு பேர் கூடுகிற இடமா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் போதும். அதோடு, நிரந்தரமாக இருக்க வேண்டும், நடந்து போய்ப் பக்கத்தில் நிற்கப் பாதுகாப்பான வழி வேண்டும்.

ஓவர்ஹெட் டேங்க் தேறாது, எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் நிற்கிறது. டீக்கடை தேறலாம், ஆனால் ஊரே அங்கேதான் கூடும் என்பதை நீங்கள் எழுதி நிரூபிக்க வேண்டும், வெறும் "டீ நன்றாக இருக்கும்" வேலைக்கு ஆகாது. அய்யனார் தாராளமாகத் தேறுவார், அதுவும் மண்குதிரை இருந்தால் படமே பேசிவிடும். வயலுக்கு நடுவே இருக்கிற கோயில் என்றால் சாட்டிலைட் மேப்பில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது, "எப்படிப் போவது?" என்று ரிஜெக்ட் பண்ணுவார்கள். ரெண்டாவது படத்தை வரப்பும் வண்டிப்பாதையும் கோயில் வரை போவது தெரிகிற மாதிரி எடுங்கள்.

படித்துறைதான் என் சொந்தக் கதை. நான் முதன்முதலில் அனுப்பினதே ஒரு படித்துறை. மே மாதம் போய் எடுத்தேன். ஆற்றில் மணலும் கருவேலமும்தான், படிக்கட்டில் ஆடு கட்டியிருந்தது, ஓரத்தில் என் பைக்கின் நம்பர் பிளேட் தெளிவாக விழுந்திருந்தது, மேல் மூலையில் என் கட்டைவிரல். பெயர் "படித்துறை". விவரம் "மிகவும் அழகான இடம்". ரிஜெக்ட். எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே! இப்போது யோசித்தால் நானே அதற்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன். அந்தப் படத்தைப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அது ஒரு உடைந்த படிக்கட்டு. ஒரு வருஷம் கழித்து, மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து ஒரு மாதம் ஆன பிறகு, காலை ஆறு மணிக்கு யாரும் இறங்குவதற்கு முன்னால் போனேன். மேலே நாலு கால் மண்டபம், அதன் தூணில் சுண்ணாம்புக்கு அடியில் எழுத்து இருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாய்வாக வருகிற வெயிலில் பார்த்தால் "உபயம்" என்ற சொல்லும் ஒரு செட்டியார் பெயரும் படிக்க முடிந்தது. பெயரில் ஊரையும் ஆற்றையும் சேர்த்தேன். விவரத்தில் ஆடிப்பெருக்குக்கு ஊர் கூடுவது இங்கேதான், சாமி தீர்த்தவாரிக்கு வருவது இங்கேதான் என்று எழுதினேன். கூடுதல் தகவலில் அந்தத் தூணின் எழுத்தைச் சொன்னேன். அப்ரூவ் ஆகிவிட்டது. இடம் அதே இடம்தான்.

ஒரு விஷயம், குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு: ஆள் குளிக்கிற நேரத்தில் படித்துறையில் போனைத் தூக்காதீர்கள். படத்தில் மனித முகம் இருந்தால் எப்படியும் ரிஜெக்ட்தான், அதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் வேறு மாதிரி ரிஜெக்ட் ஆகும்.

மதகு? வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரிகிற சின்ன மதகு எல்லாம் அனுப்பினால் ஓட்டு கிடைப்பது கஷ்டம். ஆனால் ஆண்டு பொறித்த கல் பதித்த பழைய மதகு என்றால் அந்தக் கல்லைக் கிட்டப்போய் எடுத்து அனுப்புங்கள். கல்லணை, முக்கொம்பு, அணைக்கரை எல்லாம் யார் கண்ணிலும் படும். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணை கட்டினது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் மதகுக்கு அந்தக் கல்லைத் தவிர சாட்சி கிடையாது.

*காவிரியையே நாமினேட் பண்ணினேன் அண்ணே, ரிஜெக்ட் பண்ணிவிட்டார்கள். காவிரிக்கே தகுதி இல்லையா? – திருவையாறு, பிளஸ் டூ மாணவர்*

இல்லை தம்பி. ஆறு, வயல், மரம், குளத்தில் பூத்த தாமரை, இயற்கையாக இருக்கிற எதையும் அப்படியே ஏற்க மாட்டார்கள். மனிதன் வைத்த பொருள் ஒன்று அங்கே நிரந்தரமாக நிற்க வேண்டும். தலைப்பில் கேட்டிருக்கும் அரசமரத்துக்கும் இதே பதில்தான்: மரம் தேறாது, மரத்தடியில் மேடை கட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரும் நாகர் சிலைகளும் தேறும். அதனால் படத்தில் பிள்ளையார் பெரிதாகவும் மரம் பின்னணியாகவும் வரட்டும். நிறையப் பேர் மரத்தின் அழகில் மயங்கி, முக்கால் படத்தை இலையால் நிரப்பி, கீழே எள்ளு மாதிரி பிள்ளையாரை வைத்து அனுப்பிவிட்டு அழுகிறார்கள். உங்கள் ஊரில் ஐயாறப்பர் கோயில் இருக்கிறது, தியாகராஜ சுவாமிகள் சமாதி இருக்கிறது, பக்கத்திலேயே புஷ்யமண்டபப் படித்துறை இருக்கிறது. இதையெல்லாம் யாரும் ஏற்றாமல் விட்டிருக்க மாட்டார்கள், முதலில் மேப்பைப் பாருங்கள். டூப்ளிகேட் அனுப்பினால் பரிந்துரை ஒன்று வீண்.

*மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபம். எல்லாவற்றையும் தனித்தனியாக ஏற்றினால் பதினாறு ஸ்டாப் வருமா? – கும்பகோணம் வாசகர்*

ஆசை நல்ல ஆசைதான். வராது. உலக மேப்பை எஸ்2 என்ற முறைப்படி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் 17-ஆம் நிலைக் கட்டம் என்பது பக்கத்துக்கு ஏறக்குறைய 70, 80 மீட்டர். போகிமான் கோ ஆட்டத்தில் அப்படி ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்டாப் அல்லது ஒரு ஜிம் என்பது கணக்கு. குளம் ஆறு ஏக்கர் சொச்சம், அதன் கரையில் பதினாறு மண்டபம் என்றால் ரெண்டு மூன்று மண்டபங்கள் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும். அதில் ஒன்றுதான் ஆட்டத்தில் தெரியும். இன்கிரஸில் இந்தக் கட்டக் கணக்கு கிடையாது, ஒன்றுக்கொன்று 20 மீட்டர் தள்ளி இருந்தால் போதும், அங்கே பதினாறும் வர வாய்ப்புண்டு. "அப்ரூவ் ஆகிவிட்டது என்று மெயில் வந்தது, ஆனால் ஸ்டாப் காணவில்லை" என்று புலம்பி வந்த நாலு கடிதங்களுக்கும் இதுவே பதில்.

ஜிம்முக்கும் கணக்கு உண்டு. இன்னும் பெரிய 14-ஆம் நிலைக் கட்டத்துக்குள் ரெண்டு ஸ்டாப் சேர்ந்தால் ஒன்று ஜிம் ஆகும், ஆறு சேர்ந்தால் ரெண்டாவது, இருபது சேர்ந்தால் மூன்றாவது. ஒரே ஒரு ஸ்டாப்போடு நிற்கிற கிராமத்துக்காரர்கள் இன்னொன்றுக்கு உயிரைக் கொடுப்பது இதனால்தான்.

கோவிந்த தீட்சிதர் அந்த மண்டபங்களைக் கட்டினபோது பதினாறும் ஒன்றுபோல இருந்தால் என்ன என்று கவலைப்பட்டிருக்க மாட்டார். நீங்கள் கவலைப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதற்கான பெயரைக் கேட்டுப் போடுங்கள், "மண்டபம் 1, மண்டபம் 2" என்று போட்டால் டூப்ளிகேட் என்று தள்ளிவிடுவார்கள்.

*எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் ரெண்டு கல் நட்டு மேலே ஒரு கல் குறுக்கே வைத்த மாதிரி ஒன்று நிற்கிறது. தாத்தா அதைச் சுமைதாங்கி என்கிறார். அனுப்பலாமா? – மயிலாடுதுறை அருகிலிருந்து ஒரு வாசகி*

அம்மா, இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அனுப்புங்கள், உடனே அனுப்புங்கள். தலையில் நெல் மூட்டையோ விறகுக் கட்டோ சுமந்து நடந்து போனவர்கள், இறக்கி வைக்கவும் மறுபடி தூக்கிவிடவும் ஆள் இல்லாத வழியில், யார் உதவியும் இல்லாமல் சுமையைச் சாய்த்து வைத்து இளைப்பாற நட்ட கல். அதனால்தான் அது சரியாக ஆள் தோள் உயரத்துக்கு இருக்கிறது, போய் நின்று பாருங்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் குடும்பம் சுமைதாங்கி நடுவது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கன் சுமையையாவது இறக்கி வைப்பது. சில கற்களில் அந்தப் பெண்ணின் பெயரே வெட்டியிருக்கும். குறுக்குக் கல்லின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள், எழுத்து இருந்தால் விரலுக்குத் தெரியும்.

ஓட்டுப் போடுகிறவர் நகரத்தில் பிறந்தவர் என்றால், இதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாப் பெஞ்சு என்று நினைத்துக்கொள்வார். நிஜமாகவே ஒருவருக்கு அப்படி ரிஜெக்ட் ஆகி, என்னிடம் வந்து கொட்டித் தீர்த்தார். அதனால் மேலே நான் எழுதினதையெல்லாம் நீங்களே உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். தாத்தாவிடம் யார் நட்டது என்று கேட்டு அதையும் சேருங்கள். தமிழிலேயே எழுதலாம், தடையில்லை. படம் எடுப்பதற்கு முன்னால் அதன் மேல் ஒட்டியிருக்கும் போஸ்டரை முடிந்தால் பிய்த்துவிடுங்கள், சாய்த்து வைத்திருக்கும் சைக்கிளை நகர்த்தச் சொல்லுங்கள். அப்புறம், சாலை அகலப்படுத்தும் வேலையில் இந்தக் கற்களை ஓரமாக உருட்டி விடுகிறார்கள். அப்படி நகர்ந்தால் மேப்பில் வைத்த பின்னையும் நகர்த்த எடிட் (திருத்தம்) போட வேண்டும்.

*பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்குள் ஒரு நூலகம், அங்கன்வாடிச் சுவரில் அழகான ஓவியம். ரெண்டும் ரிஜெக்ட். – பட்டுக்கோட்டை வாசகர்*

ஆகத்தான் செய்யும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றின் எல்லைக்குள் எதுவும் கூடாது, ராஜராஜனே வந்து வரைந்த ஓவியமாக இருந்தாலும். அறிமுகமில்லாத பெரியவர்கள் அங்கே வந்து போனோடு நிற்பதை யார் விரும்புவார்கள்? தனியாக, தெருவில் இருக்கும் நூலகம் அருமையான பரிந்துரை. அதேபோல் தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ் வந்து போகிற வாசல் மாதிரி அவசர வேலைக்கு இடைஞ்சலாகும் இடமும் கூடாது.

*வீட்டு வாசலில் நானே ஒரு பிள்ளையார் வைத்துவிட்டால்? படுத்துக்கொண்டே ஸ்டாப் சுற்றலாமே! – பெயர் வேண்டாம், மன்னார்குடி*

பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் இருக்கிறது. தனி வீட்டு எல்லைக்குள் இருக்கும் எதுவும் செல்லாது, திண்ணை எவ்வளவு பழையதாக இருந்தாலும். கிளம்பிப்போய் ஹரித்ரா நதியைச் சுற்றி நடங்கள் ஐயா, அவ்வளவு பெரிய குளத்தை ஊருக்கு நடுவே வைத்துக்கொண்டு படுத்துக்கொண்டே ஆட வேண்டுமாம்.

*கோயிலுக்குள் போன் கொண்டுபோகவே விடுவதில்லை. உள்ளே இருக்கிற சன்னதியை எப்படிப் படம் எடுப்பது? – திருவாரூர் வாசகி*

எடுக்க வேண்டாம். கோயிலுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மூலவரைப் படம் எடுப்பது அதற்கு முன்பும் சரியில்லை. வலையில் கிடைக்கிற படத்தைப் போடலாமா என்றால் அதுவும் கூடாது, நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும். வெளியே என்ன குறைச்சல்? கோபுரம், கமலாலயத்தின் கரை மண்டபங்கள், தேர் நிற்கும் இடம். தேர் நகருமே, நிரந்தரம் இல்லையே என்று ஒருவர் எனக்கு ரிஜெக்ட் போட்டார். தேர்நிலையின் மேல் பின் வைத்து, "வருஷத்தில் தேரோட்ட நாட்கள் தவிர இங்கேயேதான் நிற்கும்" என்று எழுதினால் சண்டை இல்லை. வெளியே இருக்கும் ஸ்டாப்பால் இன்னொரு லாபம், போகிமான் கோ ஆட்டத்தில் 80 மீட்டர் தூரத்திலிருந்தே சுற்றலாம், செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்றே வேலை முடிந்துவிடும்.

*வேளாங்கண்ணியிலும் எங்கள் மீனவ கிராமத்திலும் சுனாமி நினைவிடம் இருக்கிறது. விதிப்படி தேறும் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. – நாகப்பட்டினம் வாசகர்*

விதிப்படி நினைவுச்சின்னம் தேறும், உண்மைதான். ஆனால் உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். 2016-இல் ஹிரோஷிமா நகர நிர்வாகம், ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன்னால் அமைதிப் பூங்காவிலிருந்து இதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று கேட்டது, எடுத்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் போன பிள்ளைகளுக்கு இன்றும் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிற அம்மா நிற்கிற இடத்தில், பக்கத்தில் ஒருவன் ஜிம் சண்டை போட்டுக் கத்தினால் எப்படி இருக்கும்? அதே ஆண்டு கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் இறந்த 94 குழந்தைகளின் நினைவிடம் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறொருவர் பரிந்துரைத்து என் முன்னால் ஓட்டுக்கு வந்தால் விதிப்படி என்ன போடுவேன் என்பது எனக்கே தர்மசங்கடம், அதைத் தாண்டிப் போய்விடுவேன் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே ஏறியிருக்கும் இடத்தை நீக்கச் சொல்லியும் கோரலாம், அதற்கு வழி இருக்கிறது.

*நாம் இலவசமாக உழைத்து அவர்களுக்கு மேப் போட்டுக் கொடுக்கிறோம். காசு யாருக்கு? – தஞ்சாவூர் வாசகர்*

நமக்கு இல்லை. ஒரு மெடல் தருவார்கள், அவ்வளவுதான். 2025-இல் நயான்டிக் தன் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்றது. இன்கிரஸை நயான்டிக் ஸ்பேஷியல் என்ற புதிய நிறுவனத்தில் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2024 நவம்பரில், ஆட்டக்காரர்கள் ஸ்கேன் செய்து அனுப்பிய இடங்களை வைத்துப் நிஜ இடங்களைப் புரிந்துகொள்ளும் பெரிய ஏ.ஐ. மாடல் ஒன்று உருவாக்குவதாகச் சொன்னபோது சலசலப்பு வந்தது. சும்மா நடந்து ஆடுவதால் அந்தப் பயிற்சி நடக்காது, விருப்பப்பட்டு ஸ்கேன் செய்தால்தான் என்று விளக்கம் கொடுத்தார்கள். நான் ஸ்கேன் செய்வதில்லை. படமும் பெயரும் கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது, அந்தச் சுமைதாங்கி எங்காவது ஒரு மேப்பில் பெயரோடு நின்றால் சரி. உங்களுக்கு அது ஒப்பவில்லையென்றால் பரிந்துரைக்காமல் ஆடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

*என் பையன் சாயங்காலமானால் படித்துறை ஸ்டாப் என்று சொல்லிக்கொண்டு ஆற்றில் கடைசிப் படி வரை இறங்கி நிற்கிறான். தண்ணீர் வேறு வந்துவிட்டது. நீங்கள்தான் இதையெல்லாம் எழுதிக் கிளப்பிவிடுகிறீர்கள். – ஒரு அம்மா, பாபநாசம்*

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பையனிடம் இதைக் காட்டுங்கள்: 80 மீட்டர் எட்டும் என்பதால் கரை மேல் நின்றே சுற்றலாம், இறங்கவே தேவையில்லை. அவன் இறங்குகிறான் என்றால் யாரோ பின்னை ஆற்றுக்குள் வைத்திருக்க வேண்டும், அல்லது ஜி.பி.எஸ். அலைகிறது. படித்துறைக்குப் பின்னை மேல்படியிலோ மண்டபத்தின் மேலோதான் வைக்க வேண்டும். தண்ணீர் ஓடும்போது கீழ்ப்படிகளில் பாசி, ஊர்க்காரர்களே வழுக்குவார்கள். எந்தப் படித்துறை என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் வருகிறேன், நானே நின்று பார்த்து இடத்தை மேலே நகர்த்த எடிட் போட்டுவிடுகிறேன்.